சாவு வீட்டுப் பக்கமே போக முடியவில்லை, ஐயா

இரண்டு மாதத்துக்கு முன் மரணபயம் பற்றி ஒரு வாசகிக்குப் பதில் எழுதினேன். அதற்கப்புறம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி அதே விஷயம்தான், அதனால் இந்த முறை வேறு கேள்வி எதுவும் இல்லை. மலேசியாவில், பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் டிரெசராக, அதாவது தோட்டத்து மருத்துவ உதவியாளராக இருந்தபோது கண்ணால் பார்த்ததையும் பிறகு படித்துத் தெரிந்துகொண்டதையும் வைத்துச் சொல்கிறேன்.

கேள்வி: எனக்கு வயது 43. கொழுந்தனார் மாரடைப்பில் திடீரென்று போய் ஐந்து மாதம் ஆகிறது. அதிலிருந்து ராத்திரி படுத்தால் நெஞ்சு படபடக்கிறது, விரல் மரத்துப்போகிறது, இதோ உயிர் போகப்போகிறது என்று தோன்றுகிறது. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ஈசிஜி, ரத்தச் சோதனை எல்லாம் சரி என்று அனுப்பிவிட்டார்கள். சாவு வீட்டுக்குப் போவதையே நிறுத்திவிட்டேன். பைத்தியம் பிடிக்கிறதா?

பதில்: இல்லை அம்மா. இது பயத்தாக்குதல். ஆபத்து வந்துவிட்டது என்று உடம்பு தப்பாக எண்ணி அட்ரினலினைச் சுரக்கிறது, நீங்கள் வேகவேகமாக மூச்சு விடுகிறீர்கள், அதனால் ரத்தத்தில் கரியமில வாயு குறைகிறது, விரல் மரத்துப்போவதும் தலை சுற்றுவதும் அதனால்தான். பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய் இறங்கத் தொடங்கிவிடும். அடுத்த முறை வரும்போது எழுந்து உட்கார்ந்து, மூச்சை இழுப்பதைவிட விடுவதை நீளமாக்குங்கள், நாலு எண்ணி இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். ஆனால் நெஞ்சுவலி கைக்கோ தாடைக்கோ பரவினால், வியர்த்துக் கொட்டினால், பயம்தான் என்று நீங்களே முடிவு கட்டாமல் 999க்குக் கூப்பிடுங்கள்.

சாவு வீட்டைத் தவிர்ப்பதுதான் எனக்குக் கவலை. தவிர்க்கத் தவிர்க்க அந்தப் பயம் வளரும். அந்தக் காலத்தில் லயத்தில், தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடுகளில், ஒருவர் போனால் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, தப்பு மேளச் சத்தம் கடைசி வீடு வரை கேட்கும், பக்கத்து வீட்டில் உலை வைத்து அந்த வீட்டுக்குச் சோறு போகும், பிள்ளைகள் பாடை கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்க்கும், பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்து அழுது தீர்ப்பார்கள். இன்றைக்கு நாம் நாலாவது மாடி பிளாட்டில் இருக்கிறோம். செய்தி வாட்ஸ்அப்பில் வருகிறது, உடல் நேராக மின்சுடலைக்குப் போகிறது, இரண்டு மணி நேரத்தில் எல்லாம் முடிந்து அவரவர் காடியில் ஏறிப் போய்விடுகிறோம். அழுவதற்குக்கூட நேரம் இல்லை. உங்கள் கொழுந்தனாருக்காக நீங்கள் சரியாக அழுதீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை, அதனால் கேட்கிறேன். முதலில் தெரிந்தவர் வீட்டு எட்டாம் துக்கத்துக்குப் போய்க் கால் மணி நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள், அப்புறம் கருமாதிக்கு, அப்புறம் பாடை தூக்கும் எடுப்புக்கு. தனியாகச் சமாளிக்க முடியவில்லை என்றால் அரசாங்க கிளினிக்கில் சொல்லி மனநல ஆலோசகரைப் பார்க்கலாம், சுகாதார அமைச்சின் 15555 எண்ணுக்கும் பேசலாம்.

கேள்வி: அம்மாவுக்குக் கல்லீரலில் புற்றுநோய், இனிச் சிகிச்சை இல்லை என்கிறார்கள். அவரிடம் சொல்லவே கூடாது, சொன்னால் பயத்திலேயே போய்விடுவார் என்கிறார் அண்ணன். வீட்டில் எல்லாரும் நடிக்கிறோம். இது சரியா?

பதில்: உங்கள் அண்ணன் பாசத்தில்தான் சொல்கிறார், அவரைக் கோபிக்காதீர்கள். ஆனால் நான் பார்த்தவரையில் படுத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும். பால்மரம் வெட்டிய, அதாவது ரப்பர் பால் எடுத்த ஒரு பெரியவர் இப்படித்தான் கிடந்தார், மகன்கள் "அல்சர்தான் அப்பா, சரியாயிடும்" என்று தினமும் சொன்னார்கள், அவரும் தலையாட்டினார். ஒரு ராத்திரி நான் ஊசி போடப் போனபோது என் கையைப் பிடித்துக்கொண்டு, "டிரெசரே, பசங்களுக்குத் தெரியாது, சொல்லிடாதீங்க, பயந்துடுவானுங்க" என்றார். அடுத்த வாரம் போய்விட்டார். ஒரே வீட்டில் இரண்டு பக்கமும் ஒருவரையொருவர் காப்பாற்றுவதாக நினைத்து ஒரு வார்த்தையும் பேசிக்கொள்ளாமலே முடிந்துபோனது. நான் அன்றைக்கே மகன்களைக் கூப்பிட்டு உட்கார வைத்திருக்க வேண்டும். செய்யவில்லை. இன்றைக்கும் அது என்னை விடவில்லை.

எலிசபெத் குப்ளர்-ராஸ் என்ற மனநல மருத்துவர் 1960களில் சிகாகோவில் சாகும் நிலையில் இருந்த நோயாளிகளிடமே உட்கார்ந்து கேட்டார். யாரும் வாய் திறந்து சொல்லாவிட்டாலும் பலருக்குத் தங்கள் நிலைமை தெரிந்தே இருந்தது என்றுதான் அவரும் எழுதினார். அம்மாவிடம் போய் நோயின் பெயரைச் சொல்லி நிற்க வேண்டாம், "உடம்பைப் பற்றி என்னம்மா நினைக்கிற?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு காத்திருங்கள். அவர் எவ்வளவு தூரம் போகிறாரோ அவ்வளவு தூரம் கூடப் போனால் போதும். "எனக்கு ஒண்ணும் தெரிய வேணாம்" என்றால் அதையும் மதியுங்கள்.

இன்னொன்று. சாவைவிட வலிக்குத்தான் ஜனங்கள் அதிகம் பயப்படுகிறார்கள். மார்ஃபின் கொடுத்தால் சீக்கிரம் முடிந்துவிடும் என்று மறுக்கிற குடும்பங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது ஆயுளைக் குறைக்காது. மலச்சிக்கல் பெரும்பாலும் வரும், அதற்கு மருந்தைச் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். கடைசி நாட்களில் சாப்பாடு இறங்காது, வாயில் திணிக்காதீர்கள், உதட்டை மட்டும் நனைத்துக்கொண்டே இருங்கள். கைகால் ஜில்லிடும், மூச்சு நின்று நின்று வரும், தொண்டையில் கரகர சத்தம் கேட்கும். பார்க்கிற நமக்குத்தான் அது கொடுமை, அவர் அநேகமாக அதை உணர்வதில்லை. காது கேட்டுக்கொண்டிருக்கலாம் என்றுதான் ஆய்வுகள் சொல்கின்றன, ஆகவே கட்டில் பக்கத்தில் நின்று நகைப் பங்கு பேசாமல் அவரோடு பேசுங்கள். ஈப்போ பெரிய ஆஸ்பத்திரியில் வலி தணிக்கும் பராமரிப்பு பற்றிக் கேளுங்கள், கிள்ளான் பள்ளத்தாக்கில் சொந்தக்காரர் வீட்டுக்கு அம்மாவை அழைத்துப்போவதாக இருந்தால் ஹோஸ்பிஸ் மலேசியா என்ற அமைப்பு 1991லிருந்து வீட்டுக்கே வந்து இலவசமாகப் பார்க்கிறது.

கேள்வி: ஆறு வயதுப் பேரனைத் தாத்தாவின் எடுப்புக்குக் கூட்டிப்போகலாமா?

பதில்: வர ஆசைப்பட்டால் கூட்டிப்போங்கள், நெய்ப்பந்தமும் பிடிக்கட்டும். என்னவெல்லாம் நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, ஒரு பெரியவர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். "தாத்தா தூங்குறாரு" என்று மட்டும் சொல்லாதீர்கள், அப்புறம் அவன் தூங்கவே பயப்படுவான். இறந்துவிட்டார், இனி மூச்சு விட மாட்டார், அவருக்கு வலிக்காது என்று நேராகச் சொல்லலாம்.

கேள்வி: உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்கிறாள் மனைவி.

பதில்: குறையாது ஐயா. எழுதாமல் போனவர்களின் பிள்ளைகள் நிலச் சிக்கலில் அலைவதைத்தான் பார்த்திருக்கிறேன். 1959ஆம் ஆண்டு உயில் சட்டப்படி 18 வயது ஆனவர் எழுதலாம், இரண்டு சாட்சிகள் முன்னால் கையெழுத்துப் போட வேண்டும், சொத்து பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியாக இருக்கக்கூடாது. இருந்தால் அவர் பங்கு போய்விடும். ஊழியர் சேமநிதியில் யாரை வாரிசாகப் பதிந்திருக்கிறீர்கள் என்றும் இந்த வாரமே பாருங்கள், கல்யாணத்துக்கு முன் போட்ட அம்மா பெயரே இன்னும் இருக்கப்போகிறது.

கேள்வி: என் பூட்டனை ஜப்பான்காரன் காலத்தில் தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) பிடித்துப்போனார்கள். திரும்பவில்லை. பூட்டி சாகும்வரை பொட்டை அழிக்கவில்லை, திதியும் கொடுக்க விடவில்லை. தேதியே தெரியாத ஒருவருக்கு இப்போது நான் கொடுக்கலாமா?

பதில்: தம்பி, உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். 1942, 43இல் 415 கிலோமீட்டர் நீளத்துக்கு சயாமிலிருந்து பர்மாவுக்கு ரயில்பாதையைப் போட நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் பேரைக் கொண்டுபோனார்கள், காலராவிலும் பட்டினியிலும் காட்டிலேயே விழுந்தார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அங்கே வேலை செய்து இறந்த வெள்ளைக்காரப் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம்மவர்களுக்கு அப்படி எதுவும் இல்லை. உடலும் இல்லை, தேதியும் இல்லை, அப்புறம் அந்த அம்மாள் எப்படிப் பொட்டை அழிப்பார்? வியட்நாம் போரில் காணாமல்போன விமானிகளின் குடும்பங்களைப் பாலின் பாஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் ஆராய்ந்தார், முடிவு தெரியாத இழப்பில் துக்கம் உறைந்து நின்றுவிடுகிறது என்று சொன்னார். உன் பூட்டியைப் பிடிவாதக்காரி என்று யாராவது சொன்னால் இதைச் சொல்.

தாராளமாகக் கொடுக்கலாம். தேதி தெரியாதவர்களுக்கென்றே நம் பெரியவர்கள் புரட்டாசி மகாளய அமாவாசையை வைத்திருக்கிறார்கள். உடல் கிடைக்காதவருக்குத் தர்ப்பையில் உருவம் செய்து காரியம் பண்ணும் முறையும் உண்டு, உங்கள் கோயில் ஐயரிடம் கேள். திதி கொடுக்க ஆற்றங்கரை வேண்டுமென்றால், கோலகங்சாருக்குப் போனால் பேராக் ஆறு இருக்கிறது. பூட்டனின் பெயர், அவர் அப்பா பெயர், எந்தத் தோட்டத்திலிருந்து போனார் என்பதையெல்லாம் வீட்டில் இருக்கும் வயதானவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிக்கொள். பூட்டியின் பெயரையும் பக்கத்திலேயே எழுது, இருவருக்கும் சேர்த்தே எள்ளும் தண்ணீரும் விடு.