மூன்று சோதனையா, ஒன்றா?

அன்புள்ள ஐயா,

கொழும்பில் உளவியல் இறுதியாண்டு படிக்கிறேன். ரியூசனுக்கு வரும் உயர்தர மாணவர் 96 பேரிடம் பரீட்சைப் பதற்றம் பற்றிய வினாக்கொத்து ஒன்றைக் கொடுத்தேன். கணிதப் பிரிவு 41 பேர், வர்த்தகம் 38, கலை 17. இரண்டிரண்டு பிரிவாக ரி-சோதனை (இரண்டு குழுக்களின் சராசரிகளை ஒப்பிடுவது) செய்தபோது கணிதத்துக்கும் கலைக்கும் இடையில் பி பெறுமதி (உண்மையில் வித்தியாசமே இல்லாவிட்டாலும் இவ்வளவு அல்லது இதைவிடப் பெரிய வித்தியாசம் தற்செயலாக வரும் வாய்ப்பு) 0.03 வந்தது. மேற்பார்வையாளர் அனோவா (பல குழுக்களின் சராசரிகளை ஒரே தடவையில் ஒப்பிடுவது) செய்யச் சொன்னார். அதில் 0.08. தரவு ஒன்றுதானே, பதில் ஏன் இரண்டு? நான் எதை எழுதுவது?

ம., வெள்ளவத்தை

அன்புள்ள ம.,

0.03ஐத்தான் எழுத மனம் வரும். படிக்கும் காலத்தில் நானும் அப்படி ஒன்றைப் பிடித்துத் தொங்கியவன்தான், அதனால் குறை சொல்ல மாட்டேன்.

முதலில் ஒரு தாளில் இதை எழுதிப் பாருங்கள். ஒரு குழுவில் மூன்று பேர்: 20, 22, 24. மற்றதில் 26, 28, 30. இடைகள் (அதாவது சராசரிகள்) 22, 28. வித்தியாசம் 6. இப்போது வேறு இரண்டு குழுக்கள்: ஒன்றில் 10, 22, 34. மற்றதில் 16, 28, 40. இடைகள் அதே 22, 28தான், வித்தியாசமும் அதே 6தான். ஆனால் ஒவ்வொரு குழுவின் நியம விலகல் (எண்கள் இடையைச் சுற்றிச் சிதறும் அளவு) முதல் சோடியில் 2, இரண்டாவதில் 12. வித்தியாசத்தைச் சிதறலோடு ஒப்பிடும் ரி பெறுமதி முதலாவதில் 3.67, இரண்டாவதில் வெறும் 0.61. குழுவுக்குள்ளேயே ஆளுக்கு ஆள் அவ்வளவு வேறுபட்டால், குழுக்களுக்கு இடையிலான 6 அந்தச் சந்தடியில் காணாமல் போய்விடும். ரி-சோதனையும் அனோவாவும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: குழுக்களுக்கு இடையிலான வித்தியாசம், குழுக்களுக்குள் உள்ள சிதறலோடு பார்க்கும்போது போதிய அளவு பெரிதா? குழு இரண்டே என்றால், வழக்கமான அனோவா தரும் எஃப் என்ற பெறுமதி, ரியின் வர்க்கமாகவே வரும்.

(ரி-சோதனை உளவியலில் பிறந்ததல்ல. டப்ளினில் கின்னஸ் பியர் ஆலையில் வேலை செய்த கோசெட், 1908இல் ‘ஸ்ருடன்ட்’ என்ற புனைபெயரில் வெளியிட்டது. அனோவாவைப் பரப்பிய ஃபிஷர் இருந்தது இங்கிலாந்தின் ரொதம்ஸ்ரெட் விவசாய ஆய்வு நிலையத்தில். பியரும் உரமும் தந்த கருவிகளால் நாம் பதற்றத்தை அளக்கிறோம்!)

சரி, உங்கள் இரண்டு பதில்களுக்கு வருவோம். பி 0.05க்குக் கீழே வந்தால் ‘வித்தியாசம் உண்டு’ என்று கொள்வது வழக்கம். உண்மையில் வித்தியாசமே இல்லாதபோதும் அந்த எல்லை நூற்றில் ஐந்து தடவை பொய் மணி அடிக்கும். ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று சோதனை செய்தால், ஒன்றாவது பொய்யாக அடிக்கும் வாய்ப்பு சுமார் 14 சதவீதம். உங்கள் மூன்றும் அதே குழுக்களைப் பகிர்வதால் அது சற்றுக் குறையும், ஆனாலும் ஐந்தில் நிற்காது. அனோவா மூன்று குழுக்களையும் சேர்த்து ஒரே தடவை கேட்கிறது. பல சோதனைகளுக்காக எல்லையை இறுக்கும் போன்ஃபெரோனி முறைப்படி 0.05ஐ மூன்றால் வகுத்தாலும் எல்லை 0.0167 ஆகிவிடும். உங்கள் 0.03 அதற்குக் கீழே வரவில்லை.

எனக்கு அதைவிடக் கவலை தருவது அந்தக் கலைப் பிரிவுப் 17 பேர். சிறிய குழுவில் சிதறல் பெரிதாக இருந்தால், வழக்கமான சோதனை தேவைக்கு மேல் தாராளமாக நடந்துகொள்ளும், பொய் மணி கூடும். மூன்று நியம விலகல்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குழுக்களின் சிதறல் சமம் என்று எடுத்துக்கொள்ளாத வெல்ச் முறையிலும் ஒரு தடவை ஓட்டுங்கள். எஸ்பிஎஸ்எஸ் என்ற புள்ளிவிபர மென்பொருளில் அனோவா பெட்டிக்குள்ளேயே அது இருக்கிறது, ஒரு டிக் போட்டால் போதும்.

பிறகு 0.08 என்றே எழுதுங்கள். கூடவே மூன்று இடைகள், நியம விலகல்கள், விளைவின் அளவு (வித்தியாசம் எவ்வளவு பெரியது என்று சொல்லும் எண்) எல்லாவற்றையும் கொடுங்கள். 0.08 என்பதற்கு ‘வித்தியாசம் இல்லை’ என்று அர்த்தமில்லை. இந்த 96 பேரை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை, அவ்வளவுதான்.

ஒரு வழி மிச்சம் இருக்கிறது. தரவு சேர்க்கப் போகுமுன்பே ‘கணிதத்தையும் கலையையும்தான் ஒப்பிடப் போகிறேன்’ என்று முடிவெடுத்திருந்தால், அந்த ஒரு சோதனையைத் தனியாகச் செய்ய உங்களுக்கு உரிமை உண்டு. முதலில் கொடுத்த ஆய்வு முன்மொழிவின் பிரதி உங்களிடம் இருக்கும். அதில் கருதுகோள் என்று என்ன எழுதியிருக்கிறீர்கள்?