எந்தக் கிளி வாங்கலாம்? வாசகர் கேள்வி பதில்

நானும் மனைவியும் காலையில் தேயிலை மலைக்கு வேலைக்குப் போனால் திரும்பி வரப் பின்னேரம் ஐந்து மணியாகிவிடும். பிள்ளைகள் இருவரும் பள்ளிக்கூடம். லயத்து வீடு, இரண்டு காம்பரா. பேசுகிற கிளி வேண்டும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். டவுன் கடையில் லவ் பேர்ட்ஸ், கொக்கட்டீல், சன் கொனியூர் மூன்றும் இருக்கின்றன. முதல் தடவையாக வளர்க்கப் போகிறோம். எதை வாங்குவது?
வாசகர், தலவாக்கலை

உங்கள் வீட்டுக்கு ஒரு சோடி பட்ஜி போதும். கடையில் லவ் பேர்ட்ஸ் என்று காட்டுவது பெரும்பாலும் பட்ஜியைத்தான். உடம்பு மெல்லியது, வால் நீளம், முதுகில் அலை அலையாகக் கறுப்புக் கோடு, எடை 30 முதல் 40 கிராம். ஆப்பிரிக்க லவ் பேர்டுக்கு வால் குட்டை, சொண்டு தடிப்பு. அது கடிக்கும், பக்கத்துக் கூட்டுப் பறவையின் காலைக்கூடக் காயப்படுத்தும், பேசுவதும் அரிது. ஆகவே விலை கேட்கும் முன் எது எதுவென்று பார்த்துக்கொள்ளுங்கள்.

பட்ஜி என்று சொல்லக் காரணம் உங்கள் வீடு பகலில் எட்டு ஒன்பது மணி நேரம் பூட்டிக் கிடப்பதுதான். கிளி கூட்டமாக வாழும் பறவை. தனிக் கொக்கட்டீலை இப்படி விட்டால் நாள் முழுக்கக் கத்தும், சில மாதத்தில் நெஞ்சு இறகைப் பிடுங்கத் தொடங்கும். இரண்டு பட்ஜிகள் இருந்தால் ஒன்றுக்கொன்று துணை. இரண்டு ஆண்கள் நன்றாக ஒத்துப்போகும். இரண்டு பெண்கள் சண்டை பிடிக்கும். ஆணும் பெண்ணுமாக வாங்கினால் முட்டைப் பெட்டியைத் தொங்கவிடாதீர்கள். பெட்டி இல்லாவிட்டால் பெரும்பாலும் முட்டையிடாது.

பேச்சைப் பற்றிப் பிள்ளைகளிடம் முன்னமே சொல்லிவிடுங்கள். ஆண் பட்ஜி நன்றாகவே பேசும், ஆனால் மனிதரோடு மட்டும் பழகுகிற தனிப் பறவைதான் பெரும்பாலும் பேசக் கற்கும். சோடியாக இருப்பவை தங்களுக்குள்ளேயே கதைத்துக்கொள்ளும். உங்கள் நிலையில் பேச்சை விட்டுவிட்டுச் சோடியை எடுப்பதே அந்தப் பறவைக்கு நல்லது.

வீட்டில் பகல் முழுக்கப் பாட்டியோ வேறு யாரோ இருந்தால் கொக்கட்டீலை யோசிக்கலாம். 80 முதல் 110 கிராம், 15 முதல் 20 வருடம் வாழும். சாதுவான பறவை, ஆண் அழகாக விசிலடிக்கும். இருட்டில் திடீரென்று பயந்து கூட்டுக்குள் அடித்துக்கொள்வது இதன் பழக்கம், ஆதலால் இரவில் மங்கலான சிறு வெளிச்சம் ஒன்று இருக்கட்டும். சன் கொனியூர் வேண்டவே வேண்டாம். நிறம் கண்ணைப் பறிக்கும், உண்மைதான். ஆனால் அதன் கத்தல் லயத்துச் சுவரைத் தாண்டும். பக்கத்துக் காம்பராவில் இரவு வேலை முடித்து, ஸ்டோரிலிருந்து (தேயிலைத் தொழிற்சாலை) வந்து தூங்குகிறவர் இருந்தால் ஒரே கிழமையில் பிரச்சினை வரும். பச்சைக் கன்னக் கொனியூர் சத்தம் குறைவு என்றாலும், தினம் இரண்டு மணி நேரமாவது வெளியில் எடுத்துப் பழக வேண்டும்.

கூடு நீளவாக்கில் இருக்க வேண்டும், ஏனென்றால் பட்ஜி மேலும் கீழுமாக அல்ல, பக்கவாட்டில் பறக்கிறது. சோடிக்கு 30 அங்குல நீளம், 18 அகலம், 18 உயரம் என்பது குறைந்த அளவு. கம்பி இடைவெளி அரை அங்குலத்தைத் தாண்டினால் தலை மாட்டிக்கொள்ளும். வட்டக் கூடு வேண்டாம். ஹார்ட்வெயார் கடைக் கம்பி வலையில் நீங்களே செய்வதானால் ஒட்டு விழுந்த இடங்களைக் கிட்டப் பாருங்கள். வெள்ளி நிறத்தில் சிறு மணி மணியாக, முள் முள்ளாக நாகம் (துத்தநாகம் என்கிற உலோகப் பூச்சு) திரண்டு நிற்கும். பட்ஜி அதைக் கொத்திக் கொத்தி எடுத்து விழுங்கி, அந்த உலோக நஞ்சால் செத்துப்போகும். அவற்றை அரத்தால் தேய்த்து எடுத்து, வினாகிரி ஊற்றிக் கம்பித் தூரிகையால் உரசி, கழுவி, சில நாள் வெயிலில் போட்ட பிறகே பறவையை விட வேண்டும்.

உட்காரும் தடிக்குக் கொய்யாக் கிளை நல்லது. ஒரே கிளையில் தடித்த இடமும் மெலிந்த இடமும் இருப்பதால் பாதத்தில் புண் வராது. தேயிலைக் கவ்வாத்துக் குச்சி சும்மா கிடைக்கிறதே என்று வைத்துவிடாதீர்கள். கொப்புள நோய்க்கு அடித்த செம்பு மருந்து பட்டையில் படிந்திருக்கும்.

எங்கள் வீட்டில் இரவில் கையே விறைத்துவிடும். இந்தக் குளிரைக் கிளி தாங்குமா? அடுப்படியில் வைத்தால் சூடாக இருக்குமே?
வாசகி, நுவரெலியா

குளிரை ஓரளவு தாங்கும், அடுப்படியைத் தாங்காது. இந்தக் கேள்விக்கு விரிவாகவே எழுத வேண்டியிருக்கிறது, ஏனென்றால் மலைநாட்டில் கூண்டுக்கிளிகள் சாகும் காரணங்களில் பல இதற்குள் அடங்கும்.

கிளியின் நுரையீரலோடு காற்றுப் பைகள் சேர்ந்திருக்கின்றன. உள்ளே போகும் காற்றிலிருந்து நம்மைவிட அதிகமாக எடுத்துக்கொள்ளும். விறகுப் புகை, சாம்பிராணி, நுளம்புத்திரி எல்லாமே அதற்குக் கெடுதி. ஒட்டாத பூச்சுள்ள தாச்சியை வெறுமையாக அடுப்பில் மறந்துவிட்டால் வரும் ஆவி நம் மூக்குக்குத் தெரியாது, ஆனால் சில நிமிடத்தில் கூண்டிலுள்ள பறவைகள் எல்லாம் விழுந்துவிடும். கரிச்சட்டி மூட்டி அறையைச் சூடாக்குவது அதைவிட ஆபத்து. கதவைச் சாத்திய அறையில் அதிலிருந்து வரும் காபனோரொட்சைட்டு மனிதரையும் கொல்லும்.

நுவரெலியா 1,868 மீற்றர் உயரம். தை, மாசி இரவுகளில் உறைபனி விழுந்து கொழுந்து கருகுவது உங்களுக்குத் தெரியாததல்ல. பழக்கப்பட்ட, நோயில்லாத பட்ஜியும் கொக்கட்டீலும் 10 பாகை செல்சியஸ் வரை சமாளிக்கும். ஆனால் காற்று வீசக்கூடாது, ஈரம் இருக்கக்கூடாது. கூண்டை வெளிச்சுவரில் சாய்க்காமல் உட்சுவர் ஓரம், நெஞ்சு உயரத்தில் வையுங்கள். நிலத்தில்தான் குளிர் தேங்கும். இரவில் மூன்று பக்கமும் மேலேயும் தடித்த துணி போட்டு, முன்பக்கத்தைத் திறந்து விடுங்கள். முழுக்க மூடினால் மூச்சு ஈரம் உள்ளேயே நின்று காலையில் துணி நனைந்திருக்கும்.

சூடு தேவைப்பட்டால் வெளிச்சம் தராத செரமிக் ஹீட்டர் பல்ப், 60 வொட், போதும். பிளாஸ்டிக் ஹோல்டர் உருகிவிடும், பீங்கான் ஹோல்டரில்தான் போட வேண்டும். கூண்டுக்கு வெளியே, ஒரு மூலையிலிருந்து பத்து அங்குலம் தள்ளி, துணியில் படாமல் பொருத்துங்கள். மறு மூலை குளிராக இருந்தால்தான் சூடு கூடும்போது பறவை விலகிப் போக முடியும். வயரைச் சொண்டு எட்டக்கூடாது. சாதாரண மின்குமிழை இரவு முழுக்க எரிய விட்டால் தூக்கம் கெடும். கிளிக்குப் பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருட்டு வேண்டும்.

நீர்கொழும்பிலோ கொழும்பிலோ 30 பாகையில் வளர்ந்த பறவையை மார்கழியில் நேரே மேலே கொண்டு வருவதுதான் பெரிய தவறு. பங்குனி, சித்திரையில் வாங்குங்கள். முதல் இரண்டு கிழமை இரவில் 22 முதல் 24 பாகை, பிறகு மூன்று நாளைக்கு ஒரு பாகையாகக் குறைத்து வாருங்கள். வெப்பமானியைத் தடி உயரத்தில் தொங்கவிட்டுப் பாருங்கள், சுவரில் பார்ப்பது பொய் சொல்லும். பகலிலும் இறகை உப்பிக்கொண்டு, இரண்டு காலிலும் நின்று, மூச்சுக்கு மூச்சு வால் ஆடினால் அது குளிரல்ல, நோய். 28 முதல் 30 பாகை சூடு கொடுத்து அன்றைக்கே மிருக வைத்தியரிடம் கொண்டு போங்கள். பெரிய சிக்கலானால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலை இருக்கிறது.

பக்கத்து வீட்டுப் பையன் மரப்பொந்திலிருந்து கிளிக்குஞ்சு ஒன்றைப் பிடித்து வந்து எனக்குத் தருவதாகச் சொல்கிறான். சும்மா கிடைப்பதை ஏன் விடவேண்டும்?
வாசகர், பசறை

வாங்காதீர்கள். தலை நீலச் சாம்பலும் கழுத்தில் பச்சைப் பட்டியுமான லேயார்ட் கிளியும், தலைகீழாகத் தொங்கித் தூங்கும் சிறு தொங்கும் கிளியும் உலகத்தில் இலங்கையில் மட்டுமே வாழ்பவை. வன விலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் 1937 முதல் இருக்கிறது. இவற்றைப் பிடிப்பதும் வைத்திருப்பதும் குற்றம். குஞ்சாக இருக்கும்போது எந்த இனம் என்று பார்த்துச் சொல்வதும் கடினம். தொங்கும் கிளி தேனும் பழமும் தின்பது, தானியத்தில் வைத்தால் பிழைக்காது.

அந்தப் பொந்து தெரிந்தால் இன்றைக்கே திரும்ப வைக்கச் சொல்லுங்கள். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்பது உண்மையல்ல. ஏற முடியாவிட்டால் வனசீவராசிகள் திணைக்களத்தின் கிட்டிய அலுவலகத்தில் ஒப்படையுங்கள். அதுவரை துணி விரித்த பெட்டியில் வைத்து, இறகு முளைக்காததென்றால் 32 பாகைக்குக் குறையாமல் சூடு கொடுங்கள். சொண்டைத் திறந்து தண்ணீரோ பாலோ ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழாய்க்குள் போய்க் குஞ்சு செத்துவிடும்.

அம்மாவுக்கு இழுப்பு இருக்கிறது. கொக்கட்டீல் வளர்க்கலாமா?
வாசகி, ஹட்டன்

கூடாது. கொக்கட்டீலின் இறகிலிருந்து மா போல வெள்ளைத் தூள் உதிர்ந்துகொண்டே இருக்கும். மேசையில் விரலால் இழுத்தால் கோடு தெரியும். ஆப்பிரிக்கன் கிரேயும் கொக்கட்டூவும் அப்படியே. பட்ஜிக்குத் தூள் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. மூடுபனி மாதங்களில் ஜன்னலைச் சாத்தியே வைக்கும் வீட்டில் அம்மாவின் மருத்துவரைக் கேட்காமல் எந்தப் பறவையும் வேண்டாம்.

ஆப்பிரிக்கன் கிரே நன்றாகப் பேசுமாமே, காசு சேர்த்து வாங்கலாமா?
வாசகர், பண்டாரவளை

பேச்சில் அதற்கு ஈடில்லை. ஆனால் 40, 50 வருடம் வாழும் பறவை அது, உங்களுக்குப் பிறகு யார் பார்ப்பது என்பதையும் இப்போதே முடிவு செய்ய வேண்டும். காட்டில் பிடித்துப் பிடித்து அழிந்துவந்ததால் 2016இல் காட்டு உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கை அதை முதலாம் பட்டியலுக்கு மாற்றி, சர்வதேச வணிகத்தைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது. பத்திரம் இல்லாமல் விற்க வருகிறவரிடம் பேச்சே வேண்டாம். முதல் கிளியாக இது யாருக்கும் பொருந்தாது.

கடையில் நல்ல பறவையை எப்படித் தெரிவு செய்வது? வீட்டில் என்ன கொடுப்பது?
வாசகர், பதுளை

கூண்டுக்குக் கிட்டப் போகாமல் பத்து நிமிடம் தள்ளி நின்று பாருங்கள். ஆள் கிட்ட வந்தால் நோயுள்ள கிளியும் நோயை மறைத்து நிமிர்ந்துவிடும். பிறகு கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுங்கள். இரு பக்கமும் சதை இருக்க வேண்டும், கத்தி முனைபோல நீட்டிக்கொண்டிருந்தால் நீண்ட நாள் நோய். மூக்குத் துவாரம் காய்ந்தும் பின்புறம் சுத்தமாகவும் இருக்கட்டும். எச்சம் கரும்பச்சைத் திரளும் அதன்மேல் வெள்ளையுமாக இருப்பது சரி. பட்ஜியின் சொண்டைச் சுற்றிச் சிறு சிறு துளையோடு சுண்ணாம்புப் பொருக்கு இருந்தால் அது உண்ணி நோய். மருந்துக்குக் கேட்கும், ஆனால் ஒரே கூண்டில் இருந்த எல்லாவற்றுக்கும் தொற்றியிருக்கும்.

பட்ஜியின் நெற்றிக் கோடு சொண்டு வரை இறங்கியிருந்தால் நாலு மாதத்துக்கு உட்பட்ட குஞ்சு, பழக்க ஏற்றது. வளர்ந்த ஆணுக்குச் சொண்டுக்கு மேலே உள்ள மூக்குத்தோல் நீலம், பெண்ணுக்கு மண்ணிறம் அல்லது வெளிறல். முழு மஞ்சள், முழு வெள்ளைப் பறவைகளில் ஆணுக்கும் இளஞ்சிவப்பாகவே இருக்கும். காலில் ஒட்டில்லாத முழு வளையம் இருந்தால் கூண்டில் பிறந்தது என்று நம்பலாம்.

வீட்டில் ஏற்கெனவே பறவை இருந்தால் புதியதை 30 நாள் வேறு அறையில் வையுங்கள். எச்சத்தைக் காய விட்டுக் கூட்டாதீர்கள், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். கிளிக்காய்ச்சல் அந்தத் தூசியில்தான் மனிதருக்குத் தொற்றும்.

பட்ஜி ஒன்றுக்கு நாளைக்கு இரண்டு தேக்கரண்டி தினை, சாமை, குரக்கன் கலவை. கொக்கட்டீலுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி. சூரியகாந்தி நாலைந்து விதைக்கு மேல் போனால் ஈரலில் கொழுப்பு ஏறும். தானியம் மட்டும் தின்றால் வைட்டமின் ஏ குறைந்து மூக்கும் கண்ணும் வீங்கும், ஆகவே வல்லாரை, முருங்கை இலை, துருவிய கரட் தினம் கொடுங்கள். சந்தை மரக்கறிக்கு மருந்து அடித்திருப்பார்கள், அரை மணி நேரம் ஊறவைத்துக் கழுவுங்கள். தொடாவிட்டால், பசியாக இருக்கும் காலையில் முதலில் கீரையைத் தொங்கவிட்டு, ஒரு மணி நேரம் கழித்துத் தானியம் வையுங்கள். இரண்டு மூன்று கிழமையில் பழகிவிடும். கணவாய் ஓடு ஒன்று கூண்டில் எப்போதும் இருக்கட்டும்.

தோட்டத்தில் காய்த்துக் கொட்டும் ஆனைக்கொய்யா (அவகாடோ) கிளிக்கு நஞ்சு, சிறு துண்டும் கொடுக்கக்கூடாது. தேயிலைச் சாயத்தில் நனைத்த பாணும் பிஸ்கட்டும் அப்படியே. கஃபீன் அந்தச் சின்ன இதயத்தைத் துடிக்கவைத்தே கொன்றுவிடும்.