10 விதையில் 7 முளைத்தால் விதை மோசமா?

கேள்வி: மக்காச்சோள விதைப் பையில் முளைப்புத் திறன் 90 சதவீதம் என்று போட்டிருக்கிறது. 10 விதையை ஈரத்துணியில் வைத்துப் பார்த்தேன், 7 தான் முளைத்தது. பையைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். விதைப்பதற்கு முன்பே சோதித்தது மிக நல்ல காரியம். பலர் வயலில் பயிர் சொட்டை விழுந்த பிறகுதான் பையைத் தேடுகிறார்கள். ஆனால் 10 விதையை வைத்து இதைத் தீர்மானிக்க முடியாது.

உண்மையிலேயே 90 சதவீதம் முளைக்கும் விதையாக இருந்தாலும், பத்துப் பத்தாக எடுத்துச் சோதித்தால் சுமார் 14 தடவைக்கு ஒரு தடவை 7 அல்லது அதற்கும் குறைவாகத்தான் முளைக்கும். பாதி மட்டுமே முளைக்கும் மட்டமான விதையிலும் ஆறு தடவைக்கு ஒரு தடவை 7 அல்லது அதற்கு மேல் முளைத்துவிடும். அப்புறம் 7 என்ற எண்ணை வைத்து எந்தப் பக்கம் பேசுவது? பத்தும் முளைத்திருந்தாலும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

100 விதை எடுங்கள். பையின் மேல், நடு, அடி என மூன்று இடத்திலும் கைவிட்டு எடுங்கள். திரட்சியானதாகப் பொறுக்கக் கூடாது. 25 விதையாக நான்கு ஈரத்தாள்களில் பரப்பிச் சுருட்டி, நிழலில் நிமிர்த்தி வையுங்கள். தாளை விரலால் அழுத்தினால் விரலைச் சுற்றி நீர் கோக்கக் கூடாது. ஈரம் அதிகமானால் விதை அழுகும், பழி பையின் மேல் விழும். நான்காம் நாள் ஒரு முறை, ஏழாம் நாள் கடைசியாக எண்ணுங்கள். வேர் எட்டிப் பார்த்தாலே முளைத்ததாகாது. வேரும் குருத்தும் ஒழுங்காக வளர்ந்த நாற்றுகளை மட்டும் எண்ணுங்கள். ஒரு சுருளில் மட்டும் பூஞ்சணம் பிடித்து எண்ணிக்கை சரிந்தால், அந்தச் சோதனையை விட்டுவிட்டுப் புதிதாக வையுங்கள்.

இந்த நூறைத் தனியாகவே கணக்கிடுங்கள். பழைய பத்தைச் சேர்க்காதீர்கள். அது சந்தேகத்தைக் கிளப்பியதோடு சரி. 84-க்கு மேல் வந்தால் 90 என்ற கணக்கைக் குறை சொல்ல முடியாது. 80 அல்லது அதற்கும் கீழே என்றால், 90 சதவீத விதையில் அப்படி வருவது 500-க்கு ஒரு தடவைதான். அப்போது தைரியமாகக் கேளுங்கள். 81 முதல் 84 வரை வந்தால் இன்னொரு நூறு வைத்துப் பாருங்கள். விதைப் பரிசோதனைக் கூடங்களில் வழக்கமாக 400 விதை வைக்கிறார்கள், அதற்குக் காரணம் இதுதான்.

முடிவு தெரியும் வரை பையையும் குவியல் எண் (லாட் நம்பர்) உள்ள அட்டையையும் பத்திரமாக வையுங்கள். மருந்து பூசிய விதை என்றால் கையுறை போட்டே எடுங்கள். மிச்சத்தைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

80 சதவீதம்தான் என்று உறுதியாகி, மாற்று விதைக்கும் நேரமில்லை என்றால், எட்டில் ஒரு பங்கு கூடுதலாக விதையுங்கள்.