கடலில் கிடந்த நங்கூரத்தில் பெயிண்ட் ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கானாடுகாத்தானில் பூர்வீக வீட்டின் ஓர் அறையில் பழைய கப்பல் சாமான்களைக் காட்சிக்கு வைத்திருக்கிறோம். அதில் மூன்றடி இரும்பு நங்கூரம் ஒன்று, இரண்டு முறை பெயிண்ட் அடித்தும் செதில் செதிலாக உதிர்கிறது. என்ன செய்யலாம்?

பதில்: பெயிண்டைக் குறை சொல்லிப் பயனில்லை, உப்பு இரும்புக்குள் இருக்கிறது. கடலடியில் ஏறிய குளோரைடு காற்றின் ஈரத்தை இழுத்து உள்ளிருந்தே துருவை வளர்க்கும். அந்தத் துரு மேல் ஏட்டைத் தள்ளிவிடும். 1970இல் ஃபாக்லாந்துத் தீவுகளிலிருந்து மீட்டு பிரிஸ்டலுக்குக் கொண்டுவந்த 'கிரேட் பிரிட்டன்' என்ற பழைய இரும்புக் கப்பலின் அடிப்பாகத்தைச் சுற்றி ஈரப்பதத்தை 20 சதவீதத்தில் வைத்திருப்பதும் இதற்காகத்தான். வீட்டில் அது நடக்காது. உப்பை வெளியே எடுப்பதே வழி.

பெயிண்டை ரிமூவர் தடவி எடுங்கள். நெருப்பில் வாட்டுவதோ ஆசிட் ஊற்றுவதோ கூடாது. மேல்பக்கம் அறுத்த பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டியில் நங்கூரம் முழுக மழைநீர் நிரப்புங்கள். போர் தண்ணீரிலேயே உப்பு இருக்கும். லிட்டருக்கு 20 கிராம் காஸ்டிக் சோடா. சோடாவைத்தான் தண்ணீரில் போட வேண்டும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, கண்ணாடி கட்டாயம்; அலுமினியப் பாத்திரம் ஆகாது.

ஊறவைத்தாலே உப்பு இறங்கும், மெதுவாக. வேகம் வேண்டுமானால் டிசி பவர் சப்ளையின் நெகட்டிவை நங்கூரத்திலும், பாசிட்டிவைச் சுற்றி நிறுத்திய சாதா இரும்பு வலையிலும் கொடுங்கள். வயரை மாற்றிவிட்டால் கரைவது நங்கூரம்தான். எவர்சில்வர் வலை வேண்டாம். நச்சுக் குரோமியம் கரையும். குமிழ் மெல்ல வந்தால் போதும். கொதிப்பதுபோல் வந்தால் மேல்தோல் பெயரும். வருவது ஹைட்ரஜன் என்பதால் திறந்த வெளியில், நெருப்பு அண்டாமல் வையுங்கள். பீரங்கி, குண்டு போன்ற வார்ப்பிரும்பென்றால் வீட்டில் தொடவே வேண்டாம்: இரும்பு போய் வெறும் கரித்தோலே மிஞ்சியிருக்கும், நகம் பட்டாலும் உதிரும்.

கரைசலை அவ்வப்போது மாற்ற வேண்டும். சோதிக்க, சிறிது கரைசலில் நைட்ரிக் அமிலம் விட்டுப் புளிப்பாக்கிய பிறகு சில்வர் நைட்ரேட் ஒரு சொட்டு: பால்போல் வெளுத்தால் உப்பு இன்னும் வருகிறது. அமிலம் விட மறந்தால் பழுப்பு வண்டல் விழுந்து குழப்பும். மாதங்கள் ஆகும், வருடமும் தாண்டலாம். உலோக அரிப்பையும் ஆராயும் மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் பக்கத்தில் காரைக்குடியில்தான் இருக்கிறது; சந்தேகமென்றால் கேட்டுப் பாருங்கள்.

வெளுப்பு நின்றதும் மழைநீரில் பலமுறை அலசி, உடனே காயவைத்து, 3 சதவீத டானிக் அமிலத்தை பிரஷால் மூன்று நான்கு தரம் பூசுங்கள்; கருநீலமாகும். கடுக்காயிலும் இருப்பது டானின்தான், ஆனால் அளவு பிடிபடாது. மேலே மைக்ரோகிரிஸ்டலின் மெழுகு.

முற்றத்துச் சாரல் படாத இரண்டாங்கட்டில், மரக்கட்டையின் மேல் ஏற்றி வையுங்கள். அந்த அறையில் மட்டும் கல்லுப்புத் தண்ணீரில் தரை துடைக்க வேண்டாமென்று வேலைக்கு வருகிறவரிடம் சொல்லிவிடுங்கள்.