கேள்வி-பதில்: லேபலில் எழுதிய வோட் எல்லாம் வோட் அல்ல

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை வீட்டிலேயே பொருத்திய கணினிகளைப் பற்றியவை. நீண்ட கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

ஐ5 12400எஃப் புரொசசரும் எச்610 மதர்போர்ட்டும் வாங்கிப் பொருத்தினேன். பயோஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரையில்) எங்கு தேடியும் ஓவர்குளொக் செய்யும், அதாவது புரொசசரை அதன் வழமையான வேகத்துக்கு மேல் ஏற்றும் இடம் இல்லை. கடைக்காரர் ஏமாற்றிவிட்டாரா?
– மல்லாவி

இல்லை. இன்டெல் புரொசசரின் வேகத்தை ஏற்ற வேண்டுமானால் அதன் பெயரில் ‘கே’ இருக்க வேண்டும். போர்ட் ‘இசட்’ வரிசையாக இருக்க வேண்டும். உங்களிடம் இரண்டும் இல்லை. பெட்டியில் அச்சிட்டிருந்ததைக் காசு கொடுக்கும் முன் வாசித்திருக்க வேண்டும்.

ரைசன் 5 5600 புரொசசர், பி450 போர்ட், 8 ஜிபி ராம் இரண்டு, பழைய ஜிடிஎக்ஸ் 1060 கிராஃபிக்ஸ் கார்ட், கேசிங்கோடு வந்த 650 வோட் பவர் சப்ளை. புரொசசரை 4.6 கிகாஹேர்ட்ஸுக்கு ஏற்றினால் விளையாட்டுத் தொடங்கிய சிறிது நேரத்தில் அணைந்து மறுபடி தொடங்குகிறது. வோல்டேஜைக் கூட்டியும் சரிவரவில்லை. சில நாள்களில் ஏற்றாமல் விட்டாலும் விண்டோஸ் பிழையைக் காட்டி நின்றுபோகும் நீலத் திரை வருகிறது. ஓவர்குளொக் செய்தபடியால் எதற்கும் வாரண்டி இல்லை என்கிறது கடை. பவர் சப்ளை லேபலின் படத்தை இணைத்திருக்கிறேன்.
– பரந்தன்

தம்பி, ஏற்றாமல் விட்டாலும் நீலத் திரை வருகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதுதான் நோய். வழமையான வேகத்திலேயே தள்ளாடும் கணினியை மேலும் விரட்டக் கூடாது. வோல்டேஜைக் கூட்டுவதை இன்றே நிறுத்துங்கள். பயோஸைத் தொழிற்சாலை அமைப்புக்குத் திருப்புங்கள். அங்கே எக்ஸ்எம்பி என்று இருக்கும் ராம் வேக அமைப்பையும் அணைத்துவிடுங்கள்; ராம் பெட்டியில் பெரிதாகப் போட்டிருக்கும் வேகம் பெரும்பாலும் அதை இயக்கினால்தான் வரும், அதுவும் ஒருவகை ஓவர்குளொக்தான்.

பிறகு ஒரே ஒரு ராமை மட்டும், புரொசசரிலிருந்து எண்ணி இரண்டாவது துளையில் செருகி, ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 மென்பொருளைப் பென் டிரைவில் ஏற்றி இரவு முழுவதும் ஓடவிடுங்கள். மறுநாள் மற்ற ராம். ஒரு பிழை வந்தாலும் அதே ராமைத் துளை மாற்றி மீண்டும் சோதியுங்கள். அங்கேயும் பிழை வந்தால் ராம் பழுது. வராவிட்டால் போர்ட்டைச் சந்தேகியுங்கள்.

ஆனால் நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்த பிறகு எனக்கு ராம் மீது அவ்வளவு சந்தேகம் இல்லை. லேபலின் நடுவே 650 என்று கொட்டை எழுத்தில் இருக்கிறது. அதற்குக் கீழே, பூதக்கண்ணாடி வைத்துப் படிக்கும் அளவில் ஓர் அட்டவணை: 12 வோல்ட், 16 அம்பியர். பெருக்கிப் பாருங்கள், 192 வோட். இன்றைய கணினியில் புரொசசரும் கிராஃபிக்ஸ் கார்ட்டும் ஏறக்குறைய முழுப் பசியையும் 12 வோல்ட் வழியில்தான் தீர்த்துக்கொள்கின்றன. உங்கள் கார்ட்டின் கணக்கு 120 வோட், புரொசசரின் கணக்கு 65 வோட். ஹார்ட் டிஸ்க்கையும் மின்விசிறிகளையும் சேர்க்கும் முன்பே 185 ஆகிவிட்டது. 4.6க்கு ஏற்றினால் எங்கிருந்து வரும்? நேர்மையான 550 வோட் பவர் சப்ளை 12 வோல்ட்டில் மட்டும் 500 வோட்டுக்கு மேல் தரும். உங்களுக்கு விற்றது 650 அல்ல, எண் அச்சிட்ட ஒரு தகரப் பெட்டி.

இதைப் பற்றி நான் முன்பும் எழுதியிருக்கிறேன், இனியும் எழுதுவேன். கேசிங்கோடு ‘இலவசமாக’ வரும் பவர் சப்ளை இந்தப் பக்கத்துப் பிள்ளைகளின் சேமிப்பைத் தின்கிறது. ஆறு மாதம் சீட்டுக் கட்டி, வெளிநாட்டில் இருக்கும் மாமாவிடம் கேட்டு வாங்கிய பணத்தில் நல்ல புரொசசரும் நல்ல கார்ட்டும் எடுக்கிறார்கள். அவற்றுக்கு உயிர் கொடுக்கும் பொருளைக் கடைக்காரரின் வாய்ச்சொல்லுக்கு விட்டுவிடுகிறார்கள். பழுதானால் கடைகள் எல்லாம் ஒரே பாட்டுப் பாடுகின்றன: உங்கள் வீட்டுக் கரண்ட் பிழை. நான் வவுனியாவில் வாங்கிய 500 வோட் பெட்டி ஒன்று வெடித்தபோது மதர்போர்ட்டையும் கூடவே கொண்டுபோனது. எனக்கும் அதே பதில்தான் தந்தார்கள். இங்கே மின்சாரம் சீராக இல்லை என்பது ஊரறிந்த உண்மை. 2022 மார்ச்சில் ஒரு நாளில் 13 மணி நேரம் வரை வெட்டினார்கள். அப்படிப்பட்ட இடத்தில் விற்கும் பவர் சப்ளை கொழும்பில் விற்பதைவிட நல்லதாக இருக்க வேண்டாமா? கரண்ட் பிழை என்று தெரிந்தே தரமற்றதை விற்பவர் அதைச் சாக்காகச் சொல்லக் கூடாது.

கடையில் இனி எண்ணைக் கேட்காதீர்கள், லேபலைக் காட்டச் சொல்லுங்கள். 12 வோல்ட் வரிசையின் அம்பியரைப் பாருங்கள். கையில் தூக்கிப் பாருங்கள். பாரமே இல்லாதது பெரும்பாலும் உள்ளே ஒன்றும் இல்லாதது. பழையதைத் திறந்து பார்க்க மட்டும் போகாதீர்கள். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளிருக்கும், மின்னைத் தேக்கி வைக்கும் கொள்ளளவியில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

வாரண்டிக்கு வருவோம். ஓவர்குளொக்கால் புரொசசர் பழுதானால் அதைத் தயாரித்தவர் பொறுப்பேற்க மாட்டார் என்பது சரி. பவர் சப்ளைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. எல்லாவற்றையும் வழமைக்குத் திருப்பிய பின்னும் விழுகிறது என்பதை வீடியோ எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். மறுத்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, பொருள் வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேர வேண்டும். 1977 என்ற தொலைபேசி இலக்கத்திலும் விசாரிக்கலாம். நாள் கடத்தாதீர்கள்.

காலையில் நன்றாக ஓடும் கணினி மத்தியானத்தில் மெதுவாகிப் பின்னர் நின்றுவிடுகிறது. தகரக் கூரை அறை.
– மாங்குளம்

சூடு. இன்டெல் புரொசசர் 100 பாகையை நெருங்கினால் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். புரொசசர் பெட்டியோடு வரும், அதைக் குளிர்விக்கும் கூலருக்கு நான்கு மூலைகளிலும் அழுத்தும் ஊசிகள் இருக்கும். மதர்போர்ட்டின் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். நான்கும் வெளியே வந்து விரிந்திருக்க வேண்டும். ஒன்று உள்ளேயே நின்றால் கூலர் ஒரு பக்கம் தூக்கிக்கொள்ளும். அத்தோடு செம்மண் தூசியைத் தூரிகையால் தட்டுங்கள், பெட்டியைச் சுவரிலிருந்து தள்ளி வையுங்கள்.

கேசிங்கைத் தொட்டால் விர்ரென்கிறது. செருப்புப் போட்டால் தெரியவில்லை. பிரச்சினையா?
– ஒட்டுசுட்டான்

ஆம். பிளக்கைக் கழற்றுங்கள். உங்கள் சொக்கெட்டில் எர்த் இல்லை, அல்லது இரண்டு முள் அடாப்டர் வழியாக அதைத் துண்டித்திருக்கிறீர்கள். மின்னிணைப்பாளரை அழைத்து எர்த்தையும் ட்ரிப் சுவிட்சையும் சோதிக்கும் வரை அந்தக் கணினியைப் பிள்ளைகள் தொடக் கூடாது.

முகநூலில் ஒருவரிடம் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ கிராஃபிக்ஸ் கார்ட் மலிவாக வாங்கினேன். பஸ்ஸில் அனுப்பினார். கார்ட்டை இயக்கும் டிரைவர் மென்பொருளைப் போட்டதும் கணினி உறைகிறது. அவர் இப்போது பதில் தருவதில்லை. பற்றுச்சீட்டு இல்லை.
– நெடுங்கேணி

ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓடவிடுங்கள். பழைய கார்ட்டுக்குப் புதிய பெயர் எழுதிய போலியாக இருந்தால் அதுவே காட்டிக்கொடுக்கும். பேசிய செய்திகளையும் பணம் அனுப்பிய சீட்டையும் எடுத்துக்கொண்டு பொலிஸுக்குப் போங்கள். பணம் திரும்பும் என்று உறுதி தர என்னால் முடியாது. முகம் தெரியாதவருக்கு முழுப் பணத்தையும் முன்கூட்டியே அனுப்ப வேண்டாம் என்று எத்தனை முறை எழுதுவது?

கணவரும் நானும் வீடியோ ஸ்டூடியோ நடத்துகிறோம். 2023இல் ஐ9 13900கே போட்டுக் கணினி செய்வித்தோம். எதையும் ஏற்றவில்லை. ஆனால் பூப்புனித நீராட்டு விழா, கலியாண வீடியோக்களை முடிக்கும்போது பாதியில் நின்றுவிடுகிறது. கடை இருமுறை ராம் மாற்றியது, விண்டோஸ் மறுபடி போட்டது, ஒவ்வொரு முறையும் காசு வாங்கியது.
– புதுக்குடியிருப்பு

சகோதரி, உங்கள் மேல் ஒரு பிழையும் இல்லை. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக் கணினிப் புரொசசர்கள் பலவற்றில் வோல்டேஜ் அளவுக்கு மீறி ஏறிப் புரொசசரையே நலிவடையச் செய்ததை 2024இல் அந்த நிறுவனமே ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டு ஆகஸ்டிலிருந்து பயோஸ் திருத்தங்கள் வந்தன. அவற்றை இப்போதே போடுவியுங்கள். ஆனால் ஏற்கெனவே நலிந்த புரொசசரை அவை குணப்படுத்தா. அதனால்தான் பாதிக்கப்பட்ட புரொசசர்களின் வாரண்டியை மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக நீட்டினார்கள். 2023இல் வாங்கிய உங்களுக்கு 2028 வரை உரிமை உண்டு. புரொசசர் பெட்டி இருந்தால் அதிலுள்ள தொடரிலக்கத்தோடு இன்டெலிடமே விண்ணப்பிக்கலாம்; பெட்டி இல்லாமல் தந்திருந்தால் கடைதான் மாற்றித் தர வேண்டும். ராமுக்கும் விண்டோஸுக்கும் வாங்கிய காசையும் திருப்பிக் கேளுங்கள். கடைக்குக் கொடுப்பது பற்றுச்சீட்டின் பிரதியாக இருக்கட்டும், மூலத்தை விட்டுக்கொடுக்காதீர்கள்.