ரோட்டரி எஞ்சினைப் பிரிக்கும் முன் பட்ஜெட்டைப் பிரியுங்கள்

கேள்வி: என்னிடம் மாஸ்டா ஆர்எக்ஸ்-8 கார் இருக்கிறது. பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார்கள் சுழலும் ரோட்டரி எஞ்சின் அதில் உண்டு. எஞ்சின் சூடாக இருக்கும்போது அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆவதில்லை. எஞ்சினுக்குள் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பார்க்கும் கம்ப்ரெஷன் சோதனையில் முன் ரோட்டாரின் மூன்று முகங்களும் 700 கிலோபாஸ்கலை ஒட்டி வந்தன. பின் ரோட்டாரில் 690, 540, 530. எஞ்சினைப் புதுப்பித்துத் தர பணிமனையில் என் நான்கு மாதச் சம்பளத்தைக் கேட்கிறார்கள். கசிவைத் தடுக்கும் சீல்கள் அடங்கிய முழு சீல் கிட் ஒரு மாதச் சம்பளத்துக்குள் கிடைக்கிறது. இந்த வாரம் தள்ளுபடியும் உண்டு. நானே செய்தால் மூன்று மாதச் சம்பளம் மிச்சம் என்பது என் கணக்கு. முன்பு ஒரு பிஸ்டன் எஞ்சினைப் பிரித்துக் கோத்த அனுபவம் இருக்கிறது. ஆறு மாதச் செலவுக்கான அவசரகால நிதியிலிருந்து எடுத்து, இரண்டு வார இறுதிகளில் வேலையை முடித்துவிட்டு, பிறகு பணத்தைத் திரும்பப் போட்டுவிடலாமா? அலுவலகத்துக்குப் போவதும் இந்தக் காரில்தான். பாகங்களின் விலைப்பட்டியலை இணைத்திருக்கிறேன்.

பதில்: தள்ளுபடி போனால் போகட்டும், விட்டுவிடுங்கள். வேலையை நீங்களே செய்யலாமா என்றால், தாராளமாகச் செய்யலாம். அவசரகால நிதியில் கை வைக்கலாமா என்றால், கூடாது. சீல் கிட்டை இப்போதே வாங்குவதும் கூடாது. இதில் உங்களுக்குச் சின்ன விஷயமாகத் தெரிவது கடைசியாகச் சொன்னதுதான். உங்கள் பணத்துக்கு ஆபத்து அங்கேதான் இருக்கிறது. அது ஏன் என்று புரிய, முதலில் உங்கள் கணக்கைப் பார்ப்போம்.

நான்கில் ஒன்று போனால் மூன்று என்று கழித்திருக்கிறீர்கள். பணிமனை கேட்கும் நான்கு மாதச் சம்பளத்தில் சீல் கிட்டும் கூலியும் மட்டும்தான் அடங்கும் என்றால் அந்தக் கழித்தல் சரி. பெரும்பாலும் அப்படி இருக்காது. ரோட்டாரைச் சுற்றியிருக்கும் கூடான ஹவுசிங் தேய்ந்து, அதை மாற்ற நேர்ந்தால் அதற்கான தொகை, கருவிகளின் தேய்மானம், பிறகு எஞ்சின் மறுபடி மக்கர் செய்தால் தாங்களே பொறுப்பேற்கும் உத்தரவாதம் எல்லாவற்றையும் சேர்த்துத்தான் விலை சொல்லியிருப்பார்கள். நீங்களே செய்வதால் உங்கள் கையில் நிற்பது கூலி மட்டுமே. மற்றவை அத்தனையும் உங்கள் தலையில்தான் விழும். உத்தரவாதம் என்ற செலவும்கூட. எனவே முதலில் அந்தப் பணிமனைக்குப் போய், கூலி எவ்வளவு, பாகங்கள் எவ்வளவு, எந்தெந்தப் பாகங்கள் என்று பிரித்து எழுதித் தரச் சொல்லுங்கள். பிரித்துத் தர மறுத்தால் அதுவும் உங்களுக்கு ஒரு தகவல்தான்.

இனி எஞ்சினுக்கு வருவோம். பிஸ்டன் எஞ்சினைக் கோத்தவர்களை ரோட்டரி எஞ்சின் மயக்கிவிடும். வால்வு கிடையாது, கேம்ஷாஃப்ட் கிடையாது, கனெக்டிங் ராடு கிடையாது. இரண்டு ரோட்டார்கள், அவை சுழற்றும் எக்சென்ட்ரிக் ஷாஃப்ட் ஒன்று, அவற்றைச் சுற்றி அடுக்கிய ஐந்து ஹவுசிங்குகள். சீல்களில் முக்கியமானவை ரோட்டார்களின் முனைகளில் ஏபெக்ஸ் 6, அவற்றின் இரு கோடிகளில் கார்னர் 12, பக்கவாட்டில் சைடு 12. இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் பாகங்கள் குறைவு என்பதால் செலவு குறைந்துவிடாது. பிஸ்டன் எஞ்சினில் சிலிண்டர் தேய்ந்தால் சற்றே பெரிதாகக் கடைந்து, அளவு கூடிய பிஸ்டனைப் போட்டுப் பிழைத்துக்கொள்ளலாம். ரோட்டார் ஹவுசிங்கில் அந்த வழி இல்லை. அலுமினிய வார்ப்பின் உள்வளைவில் குரோம் பூச்சு இருக்கிறது. ஏபெக்ஸ் சீல் உரசிக்கொண்டு ஓடுவது அதன் மேல்தான். அந்தப் பூச்சு பெயர்ந்துவிட்டால், வீட்டில் வேலை செய்பவருக்கு மாற்றுவதைத் தவிர வேறு வழி ஏறக்குறைய இல்லை. நீங்கள் அனுப்பிய பட்டியலிலேயே பாருங்கள்: இரண்டு ரோட்டார் ஹவுசிங்குகளின் விலை சேர்ந்து முழு சீல் கிட்டின் விலையைத் தாண்டுகிறது. ரோட்டாரின் பக்கவாட்டில் இருக்கும் இரும்பு ஹவுசிங்கும் ஒன்று போய்விட்டால் கேட்கவே வேண்டாம்.

ஆகவே இந்த வேலையின் செலவு நடுவில் எங்கும் நிற்பதில்லை. ஹவுசிங்குகள் தப்பித்திருந்தால் சீல் கிட்டும் சில்லறைச் செலவுகளும். தப்பவில்லை என்றால் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. இரண்டுக்கும் சராசரி எடுத்து பட்ஜெட் போட்டால், முதல் நிலையில் பணம் தேவையில்லாமல் முடங்கும், இரண்டாம் நிலையில் பாதி வழியில் தீர்ந்துபோகும். எந்த நிலை என்பது எஞ்சினைத் திறந்து அளந்த பிறகுதான் தெரியும். கிட்டை முன்கூட்டி வாங்கியவர், ஹவுசிங் போய்விட்டது என்று தெரியவந்தாலும் வேலையை நிறுத்த மாட்டார். 'இவ்வளவு வாங்கியாகிவிட்டதே' என்று மேலும் பணத்தைப் போடுவார். நிறுத்திக்கொள்ளும் சுதந்திரத்தைத் தள்ளுபடி விலைக்கு விற்றுவிடாதீர்கள்.

உங்கள் சோதனை எண்கள் ஓரளவு துப்புக் கொடுக்கின்றன. 250 ஆர்பிஎம் சுழற்சியில், உங்கள் காரில் இருக்கும் ரெனிசிஸ் எஞ்சினுக்கு இருக்க வேண்டிய கம்ப்ரெஷன் 830 கிலோபாஸ்கல், குறைந்தபட்சம் 680. ஒரே ரோட்டாரின் முகங்களுக்கிடையே 150-க்கு மேல் வித்தியாசம் கூடாது. முன் ரோட்டார் விளிம்பில் தப்பிக்கிறது, பின் ரோட்டார் தப்பவில்லை. ஏபெக்ஸ் சீல் அடுத்தடுத்த இரண்டு அறைகளுக்குப் பொதுவான சுவர். அடுத்தடுத்த இரண்டு முகங்கள் சேர்ந்து விழுந்திருப்பதால் அவற்றுக்கு நடுவில் இருக்கும் ஏபெக்ஸ் சீல் அல்லது அதன் முனையில் இருக்கும் கார்னர் சீல் மீதுதான் சந்தேகம் போகிறது. ஒரு முகம் மட்டும் விழுந்திருந்தால் சைடு சீலைச் சந்தேகித்திருப்பேன். முற்றிலும் உடைந்த சீல் 530 காட்டாது, அதைவிட மிகவும் கீழே போயிருக்கும். எனவே துண்டு தெறித்து ஹவுசிங்கைக் கீறியிருக்க வாய்ப்பு குறைவு. நல்ல செய்திதான், ஆனால் பணத்தை எடுத்து வைக்கும் அளவுக்கு உறுதியான செய்தி இல்லை.

ஆகவே பட்ஜெட்டை இரண்டாக்குங்கள். முதலாவது, திறந்து பார்ப்பதற்கான பட்ஜெட். எஞ்சினைத் தூக்கும் கிரேனுக்கும் ஸ்டாண்டுக்கும் வாடகை, சர்வீஸ் கையேடு, நுண்ணிய அசைவை அளக்கும் டயல் கேஜ், நுண்ணிய இடைவெளியை அளக்கும் ஃபீலர் கேஜ், நேர்விளிம்பு அளவுகோல், கழுவும் திரவங்கள். மேனுவல் கியர் காராக இருந்தால் ஃபிளைவீல் நட்டைக் கழற்ற 54 மில்லிமீட்டர் சாக்கெட்டும் ஃபிளைவீலைத் திரும்பாமல் பிடித்துக்கொள்ளும் தடுப்பும் வேண்டும். உங்கள் கருவிப்பெட்டியில் அந்த அளவு சாக்கெட் இருக்காது. அந்த நட்டும் சாதாரணக் கைபலத்துக்கு மசியாது. வாங்குவதைவிட இரவல் கிடைத்தால் நல்லது, வேலை முடிந்த பிறகு அதற்கு வேறு உபயோகமே இல்லை. இந்த முதல் பட்ஜெட்டில் ஒரு பாகம்கூட இல்லை என்பதைக் கவனியுங்கள். இதில் செலவாகும் தொகையைத் தகவலுக்குக் கொடுத்த விலையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஹவுசிங் போயிருந்து வேலையை அங்கேயே நிறுத்தினாலும் நஷ்டம் இதோடு முடிந்தது.

திறந்ததும் பார்க்க வேண்டியது: குரோம் பூச்சு ஓரங்களிலும் ஸ்பார்க் பிளக் துளைகளைச் சுற்றியும் பெயர்ந்திருக்கிறதா; இரும்பு ஹவுசிங்குகளில் சைடு சீல் ஓடிய தடம் பள்ளமாகியிருக்கிறதா. ரெனிசிஸில் எக்சாஸ்ட் வழிகள் பக்கத்து இரும்புகளில் இருப்பதால் பின்னதை அலட்சியமாக விடாதீர்கள். ரெனிசிஸ் உட்பட்ட 13பி வகை எஞ்சின்களின் கையேடுகளில் இரும்பு ஹவுசிங் கோணிய வளைவுக்கு 0.04 மில்லிமீட்டரும் தேய்மானப் பள்ளத்துக்கு 0.10 மில்லிமீட்டரும் எல்லை. எண்களை நோட்டில் எழுதிவிட்டு, இரண்டு நாள் கழித்து முடிவெடுங்கள்.

பாகங்கள் வாங்கிக் கோப்பதற்கான இரண்டாவது பட்ஜெட்டின் உச்சவரம்பை இப்போதே, எஞ்சின் மூடியிருக்கும்போதே, எழுதி வைத்துவிட வேண்டும். கணக்கு எளிது. உங்கள் காரைப் போன்ற ஒன்று நல்ல கம்ப்ரெஷனோடு என்ன விலைக்குப் போகிறது, உங்களுடையது இன்றிருக்கும் நிலையில் என்ன விலைக்குப் போகும் என்று விசாரியுங்கள். அந்த வித்தியாசம்தான் மறுசீரமைப்பு உங்களுக்குச் சம்பாதித்துத் தரும் தொகை. அந்தத் தொகை வரை ஆகும் செலவைப் பழுதுச் செலவு என்று சொல்லலாம். அதற்கு மேல் போகும் ஒவ்வொரு காசும் பொழுதுபோக்குச் செலவு. பொழுதுபோக்குக்குப் பணம் செலவழிப்பது குற்றமில்லை. சிலர் இசைக்கருவி வாங்குகிறார்கள், நீங்கள் முக்கோண ரோட்டாரை மேசைமேல் வைத்து ரசிக்கிறீர்கள். ஆனால் அந்தப் பணம் பொழுதுபோக்குக்கென ஒதுக்கியதிலிருந்துதான் வர வேண்டும்.

இரண்டாவது பட்ஜெட்டுக்குள் எதெல்லாம் அடங்க வேண்டும்? சீல் கிட், அதில் சேராத பேரிங்குகள், ஆயில், கூலன்ட், வடிகட்டிகள், ஸ்பார்க் பிளக்குகள். புதிதாகக் கோத்த எஞ்சின் பழகும் ரன்னிங்-இன் காலத்தில் சீக்கிரமே செய்ய வேண்டிய முதல் ஆயில் மாற்றம். பிறகு, உதிரியாகச் சில சைடு சீல்கள். ஏனென்று சொல்கிறேன். சைடு சீலின் முனைக்கும் கார்னர் சீலுக்கும் இடையே 0.05 முதல் 0.15 மில்லிமீட்டர் வரைதான் இடைவெளி இருக்கலாம். பன்னிரண்டையும் தனித்தனியாக, அது அது உட்காரும் பள்ளத்தில் வைத்துப் பார்த்து, முனையை நுண்ணரத்தில் ஓரிரு இழுப்பு தேய்த்து, துடைத்து, மறுபடி வைத்து, ஃபீலர் கேஜை நுழைத்துப் பார்க்க வேண்டும். பத்தாவது சீல் வரும்போது பொறுமை போய்விடும். ஒரு இழுப்பு கூடினால் அந்த சீல் குப்பைக்குத்தான். எக்சென்ட்ரிக் ஷாஃப்ட்டின் முன்பின் அசைவான எண்ட் பிளே 0.04 முதல் 0.07 மில்லிமீட்டருக்குள் வரவில்லை என்றால் வேறு தடிமனில் ஸ்பேசர் வாங்க வேண்டும். எந்தத் தடிமன் என்பது கோத்து அளந்த பிறகுதான் தெரியும். இவை பெரிய தொகை இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் தபாலில் வரக் காத்திருக்கும் ஒரு வாரம்.

இதைவிடப் பெரியது, உங்கள் பட்டியலில் காணவே காணாத ஒன்று: எஞ்சின் ஏன் போனது என்பதற்கான செலவு. இந்தக் காரில் ஸ்பார்க் பிளக்குக்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயில்கள் சோர்ந்துபோவது சகஜம். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்திகரிக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டருக்குப் போய் அதை உருக்கி அடைக்கிறது. அடைபட்ட கன்வெர்ட்டர் வெப்பத்தை எஞ்சினிடமே திருப்பி அனுப்புகிறது. ரேடியேட்டர், ஆயில் செலுத்தும் மீட்டரிங் பம்ப் இரண்டையும் இதே சந்தேகத்தோடு பாருங்கள். இவற்றைச் சரிபார்க்காமல் புது சீல்களைப் போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது. பணம் குறைவாக இருந்தால் வேறெதை வேண்டுமானாலும் தள்ளிப்போடுங்கள், இதைத் தள்ளாதீர்கள். கிளட்ச், ரியர் ஆயில் சீல் போல எஞ்சின் இறங்கியிருக்கும்போது மட்டுமே எளிதில் எட்டும் பாகங்கள் தேய்ந்திருந்தால் சேர்த்து மாற்றுவது நியாயம். பளபளக்கும் இன்டேக் குழாய்க்கு அந்த நியாயம் பொருந்தாது.

உத்தரவாதம் உங்கள் தலையில் என்றேனே, அதற்கும் ஒரு தொகை வேண்டும். முதல் முறை கோப்பவர்களிடம் கூலன்ட் ஓ-ரிங் பள்ளத்திலிருந்து நழுவி நசுங்குவது உண்டு. ஸ்டார்ட் செய்து வெள்ளைப் புகை வந்த பிறகுதான் தெரியும். அப்புறம் மொத்தமாகப் பிரிக்க வேண்டியதுதான். சீல் கிட் விலையில் பாதியையாவது இதற்கென்று தனியே வைப்பேன். இந்த ஒதுக்கீட்டைக் குறைவாகப் போட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணமே இருக்கிறது. 1967-இல் என்எஸ்யூ நிறுவனம் வெளியிட்ட ரோ 80 ரோட்டரி கார் ஐரோப்பாவில் ஆண்டின் சிறந்த கார் விருதெல்லாம் வாங்கியது. ஆனால் சீல்கள் தேய்ந்து, உத்தரவாதத்தில் எஞ்சின்களை மாற்றிக் கொடுத்த செலவு நிறுவனத்தைத் தள்ளாட வைத்தது. 1969-இல் அது ஃபோக்ஸ்வாகன் குடைக்குள் போய்விட்டது.

அவசரகால நிதிக்கு வருகிறேன். அலுவலகம் போகும் காரையே பிரித்துப் போட்டிருக்கும் மாதங்களில்தான் அந்த நிதி உங்களுக்கு அதிகம் தேவைப்படும். இரண்டு வார இறுதிகளில் முடியாது. இறக்க ஒன்று, பிரித்துக் கழுவி அளக்க ஒன்று, பாகங்களுக்குக் காத்திருப்பு, பிறகு கோர்ப்பது, ஏற்றுவது என்று வைத்தால் மூன்று மாதம் என்று திட்டமிடுவதே புத்திசாலித்தனம். அந்த மூன்று மாதப் போக்குவரத்துச் செலவு, ஓடாத காருக்கும் கட்ட வேண்டிய காப்பீடு, நிறுத்துமிடம் எல்லாம் பட்ஜெட்டின் முதல் வரியில் வர வேண்டும். இதைச் சேர்த்துப் பார்த்தும் பணிமனை கேட்கும் மொத்தத் தொகையைவிடக் குறைவாக வந்தால்தான் நீங்களே செய்வது லாபம்.

பணத்தை மாதச் சம்பளத்திலிருந்து சேருங்கள். கார் இன்னும் ஓடுகிறது. சூட்டோடு அணைக்காமல் சமாளித்து, கூலன்ட் அளவையும் வெப்பமானியையும் கண்கொத்திப் பாம்பாகக் கவனித்துக்கொண்டு, முதல் பட்ஜெட்டும் உச்சவரம்பில் பாதியும் சேர்ந்த பிறகு இறக்குங்கள். கிரெடிட் கார்டு வட்டியில் வாங்கிய சீல் கிட் தள்ளுபடியில் கிடைத்தது ஆகாது. புதுப்பித்த எஞ்சினைப் பழையதற்கு மாற்றாக வாங்கும் வழியும் உண்டு. அதில் பழைய எஞ்சினுக்கென்று வாங்கும் முன்பணம், உங்கள் வார்ப்புகள் தேறினால்தான் திரும்பி வரும் என்பதை எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கம்ப்ரெஷன் எண்கள் இல்லாமல் விற்கப்படும் பழைய எஞ்சினைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள்.

பணிமனையில் விலையைப் பிரித்துக் கேட்கும்போது இன்னொன்றையும் கேளுங்கள்: நானே எஞ்சினை இறக்கிப் பிரித்து ஹவுசிங்குகளைக் கழுவிக் கொண்டுவந்தால், அளந்து தேறும், தேறாது என்று சொல்ல என்ன கட்டணம்? பல இடங்களில் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் அந்தக் கட்டணத்தை முதல் பட்ஜெட்டில் சேர்த்துவிட்டு, டயல் கேஜ் வாங்குவதை அதிலிருந்து அடித்துவிடுங்கள். எண்ட் பிளே பார்க்கும் நாளில் இரவல் வாங்கிக்கொள்ளலாம்.