பொருள் போதாமல் வீடு

கேள்வி: நியூ ஜெர்சியில் என் மகள் குடியிருக்கும் தெருவில் ஒரு யூதக் குடும்பம், யூதப் பள்ளியின் கட்டணம் கட்டுப்படியாகவில்லை என்று மூன்று பிள்ளைகளையும் நிறுத்தி, வீட்டிலேயே பாடம் சொல்லித்தர முடிவு செய்திருக்கிறதாம். அரசுப் பள்ளி இலவசமாக இருக்கும்போது எதற்கு இந்தப் புதுமை?
– வாசகி ஒருவர், கும்பகோணம்.

பதில்: ‘வீட்டிலேயே’ என்று நீங்கள் போட்டிருக்கும் ஏகாரம் என்னைச் சீண்டுகிறது. போக்கிடம் இல்லாதவர்கள் ஒண்டிக்கொள்ளும் இடம் வீடு என்ற தொனி அதில் கேட்கிறது. எபிரேய மொழியில் பள்ளிக்கூடத்தின் பெயரே ‘பெத் செஃபெர்’, அதாவது நூல் வீடு. தொழுகைக்கூடம் கூடும் வீடு, நீதிமன்றம் தீர்ப்பு வீடு, மருத்துவமனை நோயாளிகளின் வீடு, இடுகாடு கல்லறைகளின் வீடு. நம் மொழியோ ஒரு படி மேலே போய் மோட்சத்துக்கே வீடு என்று பெயர் வைத்தது. அறம், பொருள், இன்பம், வீடு என்னும் வரிசையில் பொருள் போதாத ஒரு குடும்பம் இன்பத்தைத் தாண்டி நேரே வீட்டுக்குப் போயிருக்கிறது, அவ்வளவுதான். (எங்கள் பிழைதிருத்துநர் ‘வீட்டுப்பள்ளி’ என்று வரும் இடத்திலெல்லாம் ‘இல்லவழிக் கல்வி’ என்று திருத்துவார்; நான் அதைத் திரும்பத் திருத்துவேன். ‘இல்ல’ என்று தொடங்கும் கல்வியில் எனக்கு நம்பிக்கை கிடையாது.)

புதுமை என்கிறீர்கள், யூத அறிஞர்களின் சட்ட விவாதங்களைத் தொகுத்த பழைய நூலான தல்மூதின் ‘பாவா பத்ரா’ பகுதி நேர்மாறாகச் சொல்கிறது. ஆதியில் தகப்பனே பிள்ளைக்குக் கற்பித்தான். தகப்பனை இழந்த பிள்ளை கல்லாமலே நின்றது. எருசலேமில் ஆசிரியர்களை அமர்த்திப் பார்த்தார்கள். அங்கே அழைத்துப் போகவும் ஒரு தகப்பன் வேண்டியிருந்தது. கடைசியில் யோசுவா பென் கம்லா என்ற தலைமைக் குரு, ஊர்தோறும் ஆசிரியரை வைத்து ஆறேழு வயதிலேயே பிள்ளைகளைச் சேர்க்க ஏற்பாடு செய்தார். 25 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர், 40 என்றால் உதவிக்கு ஒருவர், 50 என்றால் இரண்டு ஆசிரியர்கள் என்ற கணக்கும் அங்கேயே இருக்கிறது. ஆக, வீடுதான் பழையது. வீட்டில் கதியற்ற பிள்ளைக்காக வந்ததே பள்ளி. அந்தப் பள்ளியே பிள்ளையை வீட்டுக்குத் திருப்பி அனுப்புகிறது என்றால், விளக்கம் கேட்க வேண்டியது பள்ளியிடம். நீங்கள் குடும்பத்திடம் கேட்கிறீர்கள்.

அமெரிக்க அரசுப் பள்ளி, மோசேயின் ஐந்து நூல்களான தோராவைச் சமயப் பாடமாகக் கற்பிக்க அரசமைப்பு இடம் தராது. யூதப் பள்ளியில் பாதி நாள் எபிரேயமும் தோராவும் தல்மூதும், மீதி நாள் கணக்கும் அறிவியலும். ஆகவே இரண்டு வகை ஆசிரியர்கள், இரட்டைச் சம்பளச் செலவு. நியூ ஜெர்சிப் பக்கம் தொடக்க வகுப்புக்கே ஆண்டுக்கு 20,000 டாலரை ஒட்டி வரும்; உயர்நிலை வகுப்பில் 30,000 டாலரையும் தாண்டும். மூன்று பிள்ளைகளுக்குப் பெருக்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல், சொத்துவரி வழியாக அரசுப் பள்ளிக்கும் அதே குடும்பம் பணம் கட்டுகிறது. சமயப் பள்ளிக்குப் போகும் பிள்ளையின் பேருந்துச் செலவை அரசு திருப்பித் தரலாம் என்று 1947இல் இதே நியூ ஜெர்சி வழக்கில்தான் உச்ச நீதிமன்றம் 5-4 என்ற கணக்கில் தீர்ப்பளித்தது. அங்கே கற்பிப்பவரின் சம்பளத்துக்கு அரசு பணம் தரக் கூடாது என்று 1971இல் வேறு மாநிலங்களின் வழக்கில் சொன்னது. பள்ளி வாசல்வரை அரசு கொண்டுபோய் விடும். உள்ளே நடப்பது உங்கள் பாடு. புளோரிடாவில் பென் கம்லாவின் பெயரிலேயே 2007இல் ஓர் இலவசப் பள்ளி தொடங்கினார்கள். அரசுப் பணத்தில் நடப்பதால் அதில் எபிரேயம் உண்டு, சமயப் பாடம் கிடையாது.

கட்டணச் சலுகை இல்லையா என்றால், உண்டு. வருமான வரிக் கணக்கை ஒரு குழுவின் முன் விரித்து வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். வருமானம் குறைந்தவருக்குக் குழு இரங்கும், செல்வந்தருக்குக் குழுவே தேவையில்லை. இரண்டு சம்பளத்தில் ஓடும் குடும்பம்தான் நடுவில் மாட்டிக்கொள்ளும்.

கட்டணம் என்ற சொல்லையும் சும்மா விட மனமில்லை. கடவுள் மோசேக்குக் கூலி வாங்காமல் கற்பித்தார், நீயும் வாங்காதே என்கிறது தல்மூதின் ‘நெதாரிம்’ பகுதி. பிறகு ஆசிரியர் வாங்குவது எதற்காக? பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் காவல்கூலி என்றார் ராவ் என்ற தல்மூது அறிஞர்; நிறுத்தமும் இராகமும் பிசகாமல் ஓதக் கற்றுத் தருவதற்கான கூலி என்றார் யோகனான் என்ற இன்னோர் அறிஞர். வீட்டுப்பள்ளியில் அந்தக் காவல் பெரும்பாலும் தாயின் தலையில் விழுகிறது. அவருடைய சம்பளம் நின்றுபோகிறது. மிச்சமாகும் கட்டணத்தில் அதையும் கழித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.

எனக்கு உள்ள தயக்கம் வேறு. தல்மூதை ‘ஹவ்ரூதா’வாக, அதாவது இருவர் எதிரெதிரே அமர்ந்து, ஒரே வரியைப் பிடித்துக்கொண்டு உரக்க வாதாடிப் படிப்பார்கள். பள்ளியில் அதற்குச் சம வயதுத் தோழன் கிடைப்பான். வீட்டில் கிடைப்பது அண்ணனோ தம்பியோதான். ஆகவே அந்த வீட்டிலிருந்து கூச்சல் கேட்டால் உடனே போலீசைக் கூப்பிட வேண்டாம் என்று உங்கள் மகளிடம் சொல்லிவையுங்கள், வகுப்பு நடந்துகொண்டிருக்கலாம்.